கொல்லும் ராணி! காக்கும் ராணி!

நாட்டுக்கோழிகளை வாரிக்கொண்டு போகும் கழிச்சல் நோய்: மருந்து இருந்தும் கோழி மடிவது ஏன்?

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் பெரிய சாலையில் இருக்கிறது சமயநல்லூர். ஒரு பக்கம் வைகை ஆறு. இன்னொரு பக்கம் ரெயில் பாதை. சுற்றிலும் வயல்கள். சாலையில் இரவும் பகலும் லாரியும் பஸ்சும் ஓடிக்கொண்டே இருக்கும்.

சாலையை விட்டுத் தெருவுக்குள் நுழைந்தால் வேறு காட்சி. திண்ணை, வேப்பமரம், குப்பைமேடு. குப்பைமேட்டைக் கிளறும் ஒரு பெட்டைக்கோழி. அதன் பின்னால் எட்டுப் பத்துக் குஞ்சுகள்.

ஒருநாள் காலையில் அந்த வீட்டு அம்மாள் பஞ்சாரத்தைத் தூக்குகிறார். வழக்கமாக முண்டியடித்துக்கொண்டு ஓடிவரும் கோழிகள் அன்று வரவில்லை. இரண்டு கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கின்றன. கண் மூடியிருக்கிறது. தலை தொங்குகிறது. தரையில் சுண்ணாம்புத் தண்ணீர் போல எச்சம். அதில் பச்சை நிறமும் கலந்திருக்கிறது.

மறுநாள் மூன்று கோழிகள் விழுகின்றன. நான்காம் நாள் கூடு பாதி காலி. வாரம் முடிவதற்குள் ஒரு கோழிகூட மிஞ்சவில்லை!

"ஏன்த்தா, உன் கோழியும் போச்சா?" என்று கேட்கிறார், பக்கத்து வீட்டுப் பாட்டி.

"ஆமா அப்பத்தா. அடைக்கு வெச்ச கோழியும் போச்சு. சீக்கு வாரிக்கிட்டுப் போயிருச்சு" என்கிறார் அந்த அம்மாள்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பரவை, தேனூர், சோழவந்தான், வாடிப்பட்டி என்று எந்த ஊரில் கேட்டாலும் கோழி வளர்த்தவர்கள் இப்படி ஒரு கதை சொல்வார்கள். தமிழ்நாடு முழுவதும் இதே கதைதான்.

இத்தனைக்கும் இந்த நோய்க்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. இன்று நேற்று அல்ல. 80 ஆண்டுகளாக இருக்கிறது. அது தமிழ்நாட்டிலேயே தயாராகிறது. அரசாங்கம் இலவசமாகவும் போடுகிறது.

பிறகு ஏன் கோழிகள் சாகின்றன?

சிறுவாட்டுக் காசு

கோழி போனால் என்ன, பெரிய நஷ்டமா என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பது தவறு.

மாடு வாங்கப் பணம் வேண்டும். ஆடு மேய்க்க ஆள் வேண்டும். கோழிக்கு இரண்டும் வேண்டாம். சிந்திய நெல், குருணை, தவிடு, புழு, பூச்சி ஆகியவற்றைத் தின்று அது வளரும். முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைக்கே வரும். அதுதான் சிறுவாட்டுக் காசு. பள்ளிக்கூட நோட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து, திருவிழாச் செலவு எல்லாம் அதிலிருந்துதான்.

வங்கியில் போட்ட பணத்துக்குக் காவல் உண்டு. பஞ்சாரத்தில் போட்ட பணத்துக்கு யார் காவல்?

2019-ம் ஆண்டு நாடு முழுவதும் கால்நடைக் கணக்கெடுப்பு நடந்தது. அது 20-வது கணக்கெடுப்பு. இந்தியாவில் கோழி முதலான வளர்ப்புப் பறவைகள் 85 கோடிக்கு மேல் இருப்பதாக அதில் தெரிந்தது. அவற்றில் ஏறக்குறைய 31 கோடியே 70 லட்சம் வீட்டுப் புழக்கடையில் வளர்பவை. முந்திய கணக்கெடுப்பைவிட இது சுமார் 46 சதவீதம் அதிகம்!

எல்லா மாநிலங்களையும்விட அதிகப் பறவைகள் இருப்பது தமிழ்நாட்டில்தான். மொத்தம் 12 கோடிக்கு மேல். இதில் பெரும் பங்கு நாமக்கல் போன்ற இடங்களில் உள்ள பெரிய பண்ணைகளுடையது.

அந்தப் பண்ணைகளையும் இதே நோய்க்கிருமி சுற்றிச் சுற்றி வருகிறது. ஆனால் அங்கே குஞ்சு பொரித்த நாளிலிருந்து கணக்குப் போட்டு மருந்து கொடுக்கிறார்கள். எந்த வாரம் எந்த மருந்து என்று அட்டவணை வைத்திருக்கிறார்கள். அதனால் பண்ணை தப்பிக்கிறது. அட்டவணை இல்லாத புழக்கடைதான் மாட்டிக்கொள்கிறது.

நோய்க்குப் பெயர் வந்த கதை

நம் ஊரில் இதை வெள்ளைக் கழிச்சல், கோழிக் கழிச்சல் என்கிறார்கள். சில வீடுகளில் வெறுமனே 'சீக்கு' என்பார்கள். டாக்டர்கள் சொல்லும் பெயர், ராணிகேட் நோய்.

இது என்ன பெயர்?

ராணிகேட் என்பது இமயமலைச் சாரலில் உள்ள ஓர் ஊர். இன்று உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கிறது. 'ராணியின் வயல்' என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். அந்த ஊரில் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. எட்வர்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1928-ம் ஆண்டில் அதை எழுதிவைத்தார். ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது.

அதற்குச் சற்று முன்பே, 1926-ம் ஆண்டில், இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இதே நோய் கோழிகளைக் கொன்றது. அதனால் உலகம் இதை 'நியூகாசில் நோய்' என்று அழைக்கிறது. பெயர்தான் இரண்டு. நோய் ஒன்றுதான்.

நோயைக் கொண்டுவருவது வைரஸ் என்னும் மிகச் சிறிய கிருமி. சாதாரண நுண்நோக்கியில் பார்த்தாலும் அது தெரியாது. நோய்க்கோழியின் எச்சத்திலும், மூக்குச் சளியிலும், மூச்சுக் காற்றிலும் அது வெளியே வருகிறது. தண்ணீர்க் கிண்ணம், தீவனத் தட்டு, கோழிக் கூடை, மனிதனின் செருப்பு எல்லாம் அதற்கு வாகனங்கள்.

கிருமி உள்ளே போன பிறகு பெரும்பாலும் 5, 6 நாளில் நோய் தெரியும். சில கோழிகளில் 2 நாளிலேயே தெரியும். சிலவற்றில் 15 நாள்கூட ஆகும். அதுவரை கோழி நன்றாகவே இருப்பது போலத் தோன்றும்.

கண்டுபிடிப்பது எப்படி?

கோழி பேசாது. ஆனால் அதன் உடம்பு பேசும். காலையில் கூட்டைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் போதும்.

நல்ல கோழி உடனே வெளியே ஓடிவரும். கண் பளிச்சென்று இருக்கும். கொண்டை சிவந்திருக்கும். போட்ட தீவனத்தைப் பொறுக்கும். எச்சம் ஓரளவு கெட்டியாக, மேலே வெள்ளை படிந்து இருக்கும்.

கழிச்சல் நோய் கண்ட கோழி தீனி எடுக்காது. தண்ணீர்ப் பக்கத்திலேயே நிற்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி வழியும். வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீர் போலக் கழியும். வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி மூச்சு வாங்கும். மூக்கிலும் வாயிலும் கோழை வடியும். முட்டையிடும் கோழி திடீரென்று முட்டையை நிறுத்தும். அல்லது தோல் முட்டை போடும்.

சில நாள் தாக்குப்பிடித்த கோழிகளுக்கு நரம்பு பாதிக்கும். கழுத்து முறுக்கிக்கொள்ளும். தலை வானத்தைப் பார்க்கும். ஒரு காலோ ஓர் இறக்கையோ இழுத்துக்கொள்ளும். கோழி வட்டம் போடும். கழுத்து முறுக்கிய கோழியைப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வரவேண்டிய நோய் இதுதான்.

தடுப்பூசி போடாத கூட்டத்தில் இந்த நோய் புகுந்தால், 100 கோழியில் 90-க்கு மேலும் சாகலாம். சில சமயம் ஒன்றுகூட மிஞ்சாது.

எல்லாக் கழிச்சலும் ஒன்றா?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

3 வாரம் முதல் 8 வாரம் வரை உள்ள குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தால் அது வேறு நோய். அது இரத்தக் கழிச்சல். தரை ஈரமாகவும் அசுத்தமாகவும் இருந்தால் வரும். இதற்கு மருந்து உண்டு. டாக்டர் சொல்லும் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, தரையை உலர்த்தினால் பல குஞ்சுகள் பிழைக்கும்.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளமும் பொருக்குமாக இருந்தால் அது அம்மை. கொசு கடித்தும் பரவும். இதற்குத் தனித் தடுப்பூசி இருக்கிறது.

முகம் வீங்கி, மூக்கில் நாற்றமுள்ள சளி வடிந்தால் அது பெரும்பாலும் சளி நோய். டாக்டரிடம் காட்டினால் குணப்படுத்தலாம்.

கோழி நாளுக்கு நாள் மெலிந்து, கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு கத்தி போலத் தெரிந்தால் குடற்புழுவாக இருக்கலாம். இறகுக்குள் பேனும், கூட்டின் இடுக்கில் உண்ணியும் இருந்தாலும் கொண்டை வெளுக்கும். புழு மருந்தும் கூட்டைச் சுத்தம் செய்வதும்தான் வழி.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. இந்த நோய்கள் மெதுவாக வரும். ஒன்றிரண்டு கோழியைப் பிடிக்கும். ராணிகேட் புயல் போல வரும். மூன்று நான்கு நாளில் தெருவே காலியாகிறது என்றால் சந்தேகம் வேண்டியதில்லை. உடனே கால்நடை டாக்டரிடம் சொல்லவேண்டும்.

பறவைக் காய்ச்சல் வேறு

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று பத்திரிகையில் செய்தி வந்தவுடன் இங்கே எல்லோருக்கும் பயம் வந்துவிடுகிறது. 2024-ம் ஆண்டு ஆலப்புழை மாவட்டத்தில் அந்த நோய் வந்தது. 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் கோதாவரி மாவட்டங்களில் வந்தது. இந்தியாவில் முதன் முதலில் வந்தது 2006-ம் ஆண்டில், மராட்டிய மாநிலத்தின் நவாப்பூரில்.

பறவைக் காய்ச்சலும் ராணிகேட்டும் ஒன்றல்ல. கிருமியே வேறு. பறவைக் காய்ச்சல் மனிதருக்கும் வரக்கூடும், உயிருக்கும் ஆபத்து. ராணிகேட் மனிதரை அப்படித் தாக்குவதில்லை. நோய்க்கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கண் சிவந்து நீர் வடியும். சில நாளில் சரியாகிவிடும். அவ்வளவுதான்.

ஆனால் வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். டாக்டரானாலும் கண்ணால் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. பரிசோதனைச் சாலையில் பார்த்தே சொல்லவேண்டும். பறவைக் காய்ச்சலை உறுதி செய்யும் பெரிய பரிசோதனைச் சாலை போபால் நகரில் இருக்கிறது.

ஆகவே, கோழியோடு வாத்தும் காக்கையும் சேர்ந்து சாவதைக் கண்டால் வெறுங்கையால் தொடக்கூடாது. குழந்தைகளை அண்டவிடக் கூடாது. உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லவேண்டும்.

மருந்து கொடுத்தால் பிழைக்குமா?

ராணிகேட் வந்துவிட்ட கோழியைக் குணமாக்கும் மருந்து உலகத்தில் எங்கும் இல்லை. இது கசப்பான உண்மை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை.

கோழி தூங்கி விழுந்தவுடன் பலர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். மனிதருக்குக் கொடுக்கும் மாத்திரையை வாங்கிவந்து உடைத்துக் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரைகள் பாக்டீரியா என்னும் கிருமியைத்தான் கொல்லும். வைரஸைக் கொல்லா. காசுதான் வீண்.

காசு மட்டுமா வீண்? கண்டபடி மாத்திரை கொடுத்தால் கிருமிகளுக்கு அது பழகிவிடும். நாளைக்கு நம் பிள்ளைகளுக்கு நோய் வந்தால் அதே மருந்து வேலை செய்யாது. இந்த ஆபத்தினால்தான், மனிதருக்குக் கடைசிக் கைம்மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி முதலிய உணவுப் பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-ம் ஆண்டு மத்திய அரசு தடை போட்டது.

சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி ஆகியவற்றை அரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. கால்நடை மருத்துவத் துறையினரும் மூலிகைக் கலவைகளைச் சொல்லித் தருகிறார்கள். கோழிக்குத் தெம்பு கொடுக்க இது துணையாக இருக்கலாம். ஆனால் தடுப்பூசியின் இடத்தை இதற்குக் கொடுத்துவிடக் கூடாது.

காக்கும் ராணி

நோய் ராணிகேட்டிலிருந்து பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் அதற்கு மருந்து வருவது எங்கிருந்து தெரியுமா? ராணிப்பேட்டையிலிருந்து!

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவின் ராணி பெயரால் அமைந்த ஊர் என்று ராணிப்பேட்டையைச் சொல்வார்கள். அங்கே 1932-ம் ஆண்டு முதல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் நடந்துவருகிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் தடுப்பு மருந்துகள் அங்கே தயாராகின்றன. ஒரு ராணியின் பெயரில் வந்த நோய். இன்னொரு ராணியின் பெயரில் உள்ள ஊரிலிருந்து மருந்து!

1940-களிலேயே இமயமலைப் பகுதியான முக்தேஸ்வரத்தில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் இந்த நோய்க்கு ஊசி மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். நோய்க்கிருமியின் வீரியத்தைக் குறைத்து, அதையே மருந்தாக்கினார்கள். வீரியம் குறைந்த கிருமி உள்ளே போனால் கோழியின் உடம்பு போராடக் கற்றுக்கொள்ளும். பிறகு உண்மையான கிருமி வந்தால் எளிதில் விரட்டிவிடும்.

எப்போது போடவேண்டும்?

குஞ்சு பொரித்து 7 நாள் ஆகும்போது கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு மருந்து. 4-வது வாரத்தில் மறுபடியும் சொட்டு மருந்து. 8-வது வாரத்தில் இறக்கையின் தோலுக்கு அடியில் அரை மில்லி ஊசி. பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில், ஆண்டுக்கு ஒரு தடவையேனும் ஊசி.

8 வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்கு அந்த இறக்கை ஊசி போடக்கூடாது. அது தாங்காது. குஞ்சுக்குச் சொட்டு மருந்துதான்.

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தை ஒட்டி, தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்திவருகிறது. ஊர் ஊராக வந்து இலவசமாக ஊசி போடுகிறார்கள். வெயில் காலம் தொடங்குவதற்கு முன் கோழிக்குக் காப்பு வந்துவிட வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம்.

பிறகும் மடிவது ஏன்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மருந்து இருக்கிறது. முகாமும் இருக்கிறது. கோழி ஏன் சாகிறது?

முதல் காரணம், காலம். முகாம் ஆண்டுக்கு ஒரு தடவை. கோழி அடை படுப்பதோ ஆண்டு முழுவதும். பிப்ரவரியில் ஊசி போட்டார்கள். சித்திரையில் குஞ்சு பொரித்தது. அந்தக் குஞ்சுக்கு யார் மருந்து கொடுத்தார்கள்? ஊசி போட்ட தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி வரும். சில வாரத்தில் அது தீர்ந்துவிடும். அதன் பிறகு குஞ்சு அநாதை.

இரண்டாவது காரணம், குப்பியின் அளவு. தடுப்பு மருந்து பொடியாக, சிறு குப்பியில் வருகிறது. ஒரு குப்பி 100 கோழிக்கோ அதற்கு மேலோ இருக்கும். மருந்தைக் கரைத்துவிட்டால் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. எட்டுக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்காக யார் ஒரு குப்பியை உடைப்பார்கள்?

மூன்றாவது காரணம், குளிர்ச்சி. மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. சூடு பட்டால் அது செத்துப்போகும். மதுரை வெயிலில், பஸ்சில், சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தால் மருந்து வெறும் தண்ணீராகிவிடும். ஐஸ் போட்ட பெட்டியில்தான் கொண்டுவரவேண்டும்.

நான்காவது காரணம், தப்பான பழி. "ஊசி போட்டார்கள், கோழி செத்துவிட்டது" என்று சில ஊர்களில் சொல்கிறார்கள். ஊசி போடும் முன்பே கிருமி உள்ளே போயிருந்தால் ஊசியால் காப்பாற்ற முடியாது. ஊசி போட்ட பிறகும் முழுக் காப்பு வர ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். இடையில் நோய் வந்தால் பழி ஊசி மேல் விழுகிறது. மறு ஆண்டு முகாமுக்குக் கோழியைக் கொண்டுபோக மாட்டார்கள். நோய்க்குக் கொண்டாட்டம்!

ஐந்தாவது காரணம்தான் பெரியது. நோய்க்கோழியை விற்பது.

ஒரு கோழி தூங்கி விழுந்ததும் வீட்டில் என்ன நினைக்கிறார்கள்? "மற்றதும் சாவதற்குள் விற்றுவிடுவோம்" என்று நினைக்கிறார்கள். பாதி விலைக்குச் சந்தைக்குப் போகிறது. வியாபாரி வாங்குகிறார். ஒரே கூடையில் பத்து ஊர்க் கோழிகள் அடைபடுகின்றன. சாயங்காலம் அவை பத்து ஊர்களுக்குப் போகின்றன. கோழியோடு நோயும் போகிறது.

சமயநல்லூர் போல நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள ஊருக்கு இது இரட்டை ஆபத்து. சாலை பிழைப்பைக் கொண்டுவருகிறது. அதே சாலை நோயையும் கொண்டுவருகிறது.

விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது ஏழை வீடு. கையில் உள்ள முதல் கண்ணெதிரே கரையும்போது கிடைத்ததைப் பிடிக்கத்தான் தோன்றும். ஆனால் இன்று நாம் விற்ற நோய், நாளை சந்தையிலிருந்து வாங்கிவரும் கோழியோடு நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது. இதுதான் இந்த நோயின் சுழற்சி.

வெயிலைத் தாங்கும் மருந்து

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் அல்ல. ஆப்பிரிக்க நாடுகளிலும் இதே கதைதான் இருந்தது. அங்கும் வெயில், அங்கும் ஐஸ் பெட்டி இல்லாத கிராமங்கள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்ப்ராட்பிரோ என்ற விஞ்ஞானி சூட்டை ஓரளவு தாங்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினார். 'ஐ-2' என்று அதற்குப் பெயர். மொசாம்பிக், தான்சானியா போன்ற நாடுகள் அதைத் தாங்களே தயாரித்தன. ஊசி வேண்டாம், கண்ணில் ஒரு சொட்டு போதும். கிராமத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் பெண்களும் ஏராளம். நான்கு மாதத்துக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போய்ச் சொட்டு விடுகிறார்கள். கோழிக்காரர்கள் ஒரு சிறு தொகை கொடுக்கிறார்கள்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. 1989-ம் ஆண்டில் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம், தீவனத்தோடு சேர்த்துக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. கோழியைத் துரத்திப் பிடிக்கவேண்டாம். அது தானே பொறுக்கித் தின்னும். மரத்தில் ஏறி உறங்கும் நாட்டுக்கோழிக்கு ஏற்ற யோசனை!

இந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் ஒன்று மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்திலேயே இருக்கிறது. கோழி வளர்ப்பவர்கள் அங்கே போய் யோசனை கேட்கலாம்.

ஒரு குப்பி, 13 வீடு

ஆக, குறை மருந்தில் இல்லை. மருந்தையும் கோழியையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்ப்பதில்தான் குறை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டில் 8 கோழி. 13 வீடு சேர்ந்தால் 104 கோழி. ஒரு குப்பி தீர்ந்துவிடும்! 13 வீடு என்பது ஒரு தெருகூட அல்ல. தெருவில் ஒரு பக்கம்தான்.

மகளிர் சுயஉதவிக் குழு இல்லாத ஊர் இன்று ஏறக்குறைய இல்லை. மாதம் ஒரு தடவை கூடிச் சீட்டுக் கணக்கும் கடன் கணக்கும் பார்க்கிறார்கள். அதோடு கோழிக் கணக்கும் பார்த்தால் என்ன? யார் வீட்டில் எத்தனை கோழி, எத்தனை குஞ்சு, எந்த வாரம் பொரித்தது என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டு, கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அடை வைப்பதையும் தெருவில் எல்லோரும் ஒரே சமயத்தில் வைத்தால், குஞ்சுகள் ஒரே வயதில் இருக்கும். மருந்தும் வீணாகாது.

ஊசி போடும் நாளில் கோழிகளை முதல் நாள் இரவே அடைத்துவைக்க வேண்டும். விடிந்து திறந்துவிட்டால் பிறகு யாராலும் பிடிக்க முடியாது. இருட்டோடு இருட்டாகப் போட்டு முடிப்பதே நல்லது. மருந்துக்கும் அப்போது சூடு தெரியாது.

நோய் வந்துவிட்டால்?

நோய்க்கோழியை உடனே தனியாகப் பிரிக்கவேண்டும். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, கடைசியில்தான் நோய்க்கோழியிடம் போகவேண்டும். பிறகு கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.

நோய்க்கோழியை விற்கக் கூடாது. அறுக்கவும் கூடாது. இரத்தமும் இறகும் தெருவெல்லாம் நோயைப் பரப்பும்.

செத்த கோழியை வாய்க்காலிலோ குப்பையிலோ எறியக்கூடாது. நாயும் காக்கையும் இழுத்துக்கொண்டு ஊர் முழுவதும் போடும். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும்.

கூட்டைச் சுரண்டிக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தெளித்து, நல்ல வெயிலில் காயவிட வேண்டும். பஞ்சாரத்தையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் கூட வெயிலில் போடவேண்டும். குறைந்தது ஒரு மாதம் கழித்துத்தான் புதுக்கோழி வாங்கவேண்டும். வாங்கிய கோழியை நேராகக் கூட்டில் விடாமல் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்க்கவேண்டும்.

தமிழ்நாட்டில் கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மாட்டுக்கு மட்டும்தான் டாக்டர் என்று நினைத்துக் கோழிக்காரர்கள் தயங்கவேண்டியதில்லை. தெருவில் நாலு வீட்டில் கோழி செத்தால் அது டாக்டருக்குத் தெரியவேண்டிய செய்தி.

மறுபடியும் பஞ்சாரத்துக்கு

காலியான பஞ்சாரம் அதிக நாள் காலியாக இருப்பதில்லை. ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, அந்த அம்மாள் மறுபடியும் ஒரு பெட்டைக்கோழி வாங்குவார். மறுபடியும் அடை வைப்பார். மறுபடியும் குஞ்சு பொரிக்கும். கோழி வளர்ப்பதை நம் பெண்கள் விடமாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த சேமிப்பு அது.

அந்தக் குஞ்சுகள் பொரித்த 7-ம் நாள், கண்ணில் ஒரு சொட்டு மருந்து விழுகிறதா, இல்லையா? அடுத்த ஆண்டு அந்தக் கூட்டில் கோழி கூவுவதும் கூவாததும் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

கொல்லும் ராணி எந்நேரமும் தெருமுனையில் காத்திருக்கிறாள். காக்கும் ராணியை வீட்டுக்கு அழைக்கவேண்டியது நாம்தான்!